நாள்தின்னியும் கழுவாத மண்வெட்டியும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, மலைகளுக்கு முதுகு வலித்தால் அவை புரண்டு படுத்துக்கொண்ட காலத்திலே, எழுகரை நாடு என்று ஒரு நாடு இருந்தது. நல்ல நாடுதான். நல்ல ஜனங்கள்தான். ஆனால் நல்ல நேரம் பார்க்காமல் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார்கள். கூரை ஒழுகினால் ஓலை மாற்ற நாள் பார்ப்பார்கள். நாள் பார்த்து முடிவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். எல்லாம் கூடி வந்து வேலையில் கை வைக்கிற சமயத்தில் ஒரு பல்லி கத்திவிட்டால் போச்சு, வைத்த கையை எடுத்துவிடுவார்கள்.

தொடங்குவதில் இருந்த இதே பயம் முடிப்பதிலும் அவர்களுக்கு உண்டு. பொழுது சாய்ந்தால் மண்வெட்டியைக் கழுவி, கூடையைக் கவிழ்த்து, கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டு, அன்றைய வேலையை அன்றோடு மூடிவிடுவார்கள். மண் ஒட்டிய கையோடு வீட்டுக்குள் நுழைந்தால் மூதேவியும் கூடவே நுழைவாளாம். மறுநாள் காலையில் அதே வேலைக்கு மறுபடியும் நேரம் பார்ப்பார்கள். கழுவிக் கும்பிட்ட பிறகு அது புது வேலைதானே?

அந்த நாட்டில் உலகம்மை என்று ஒருத்தி இருந்தாள். திட்டம் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. முருங்கை நட வேண்டும் என்பாள். எந்த மூலையில் நடுவது, எவ்வளவு ஆழம் தோண்டுவது, காய்த்தால் யார் யாருக்குக் கொடுப்பது என்று எல்லாமே சொல்லிவிடுவாள். முருங்கையை மட்டும் நட மாட்டாள். அவள் புருஷன் கரியமாணிக்கம் நேர்மாறு. நினைத்த கையோடு செய்துவிடுகிற ஆள். "நீ யோசிச்சு முடி உலகு, நான் அதுக்குள்ள செஞ்சுட்டு வந்திர்றேன்" என்று கேலி பண்ணுவான். அவளும் சிரிப்பாள். இப்படியே அந்தக் குடும்பம் ஓடியது.

ஒரு வருஷம் மலைச்சுனையிலிருந்து வருகிற தண்ணீர் திடீரென்று நின்றுபோனது. கிணறுகள் வற்றின. மாடுகள் வெறும் தொட்டியை நக்கிக்கொண்டு நின்றன. மலைக்கு ஆள் அனுப்ப ஊர் கூடி நாள் பார்க்க ஆரம்பித்தது. கரியமாணிக்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நட்ட நடு ராகுகாலத்தில் தனியாகப் புறப்பட்டுப் போனான்.

போனவன் மறுநாளாகியும் திரும்பவில்லை. உலகம்மை தேடிப் புறப்பட்டாள். வாசல்படி வரைக்கும் வந்தாள். "இந்த ராகுகாலம் கழியட்டும்" என்று நின்றாள். அது கழிந்ததும் "எமகண்டமும் கழியட்டும்" என்று நின்றாள். பிறகுதான் மலையேறினாள்.

பாதி மலையில் கரியமாணிக்கம் நின்றுகொண்டிருந்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை. குனிந்து பார்த்தால் இரண்டு பாதமும் கணுக்கால் வரைக்கும் கருங்கல்.

"இழுக்காத உலகு, விழுந்துட்டா உடைஞ்சு போவேன்" என்றான் அவன். சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

மேலே சுனைக்கரையில் ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுவென்று முகம். ஆனால் கண் மட்டும் கிழட்டுக் கண். அவன்தான் நாள்தின்னி. அவன் போட்ட மந்திரத்தில்தான் கரியமாணிக்கத்தின் கால் கல்லானது. அதே மந்திரத்தால் சுனை நிறைந்தும் வழியாமல் தளும்பிக்கொண்டு நின்றது.

"வாம்மா, வா. கொஞ்சம் முந்தி வந்திருந்தா கட்டைவிரலோட நிறுத்தியிருக்கலாம்" என்றான் நாள்தின்னி.

"சாமி, அவரை விட்டுருங்க!"

"நான் எங்க பிடிச்சு வச்சிருக்கேன்? இந்தச் சுனையிலிருந்து அவன் காலடி வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டு. தண்ணி அவன் காலைத் தொட்டா கல்லு கரைஞ்சிடும். ஆனா உன் கையாலதான் வெட்டணும், வேற கை படக்கூடாது. இந்தப் பாறையை வேற இரும்பும் வெட்டாது, இந்தா என் மண்வெட்டி. நீ வெட்டுற நாள்ல கல்லு இருந்த இடத்துலயே இருக்கும். வெட்டாம தள்ளிப்போடுற நாள்ல ஒரு விரற்கடை மேல ஏறும். அப்படி நீ தள்ளிப்போட்ட நாள் எனக்குச் சாப்பாடு. இந்தப் பந்தயம் முடியுற வரைக்கும் வேற யார் நாளையும் தொட மாட்டேன்."

"இவ்வளவுதானா சாமி?"

"இவ்வளவுதான்" என்று நாள்தின்னி வாயைத் துடைத்துக்கொண்டான். "எழுகரை நாட்டு ஜனங்களை எனக்குத் தெரியும்மா. நான் பட்டினி கிடந்ததே இல்லை."

மண்வெட்டிக் காம்பில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. உலகம்மை அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் சுனைக்கரைக்குப் போய் மண்வெட்டியை ஓங்கினாள். காம்பிலிருந்த பல்லி தலையைத் தூக்கியது.

"உச்சு உச்சு! இன்னிக்கு வேண்டாம் தாயி, நாளைக்கு நல்ல நாள்!"

அவ்வளவுதான். ஓங்கிய கை ஈரத்துணி மாதிரித் தொங்கிவிட்டது. எவ்வளவு முயன்றும் தூக்க முடியவில்லை. அன்று முழுக்க அப்படியே கிடந்துவிட்டு இறங்கினாள்.

"என்ன உலகு, வெட்டுனியா?" என்று கேட்டான் கரியமாணிக்கம்.

"நாளைக்குங்க. நாளைக்கு நல்ல நாளாம்."

நாளைக்கும் வந்தது. "உச்சு உச்சு! இன்னிக்குக் கரிநாள் தாயி, நாளைக்கு நல்ல நாள்!" அதற்கடுத்த நாளும் வந்தது. "உச்சு உச்சு! இன்னிக்கு மேற்கே சூலம் தாயி, நாளைக்கு நல்ல நாள்!" ஒவ்வொரு தடவையும் கை விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கல் ஏறியது.

பல்லி மேல் மட்டும் பழியைப் போட்டால் அது நியாயமில்லை. கை விழும் என்று தெரிந்த பிறகு உலகம்மை கையை ஓங்குவதையே விட்டுவிட்டாள். அதற்காகச் சும்மாவும் இருக்கவில்லை. புதுக்கூடை முடைந்தாள். போட்ட முடிச்சு சரியில்லை என்று பிரித்து முடைந்தாள். சுனையிலிருந்து புருஷன் காலடி வரைக்கும் கயிறு பிடித்து அளந்தாள். வாய்க்கால் போகிற வழியெல்லாம் அரிசிமாவால் கோடு இழுத்து, வளைவு வருகிற இடத்தில் ஒரு பூவும் போட்டாள். எறும்பு வந்து தின்றுவிட்டுப் போனது. மறுபடி போட்டாள். சாயங்காலம் உடம்பெல்லாம் வலித்தது. நிறைய வேலை செய்தது போலத்தான் இருந்தது. ஒரு பிடி மண்கூட நகரவில்லை.

கல் முழங்காலைத் தாண்டியது. இடுப்பைத் தாண்டியது. அவள் தினமும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டுவாள். முதலில் மளமளவென்று குடித்தான். இடுப்பு கல்லானதும் பாதி குடித்தான். நெஞ்சுக்கு ஏறியதும் கஞ்சி தொண்டையில் நின்று நின்று இறங்கியது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. நாள்தின்னி மேலே உட்கார்ந்து, நன்றாகச் சாப்பிட்டவன் விடுகிற ஏப்பத்தை விட்டுக்கொண்டிருந்தான்.

"வெட்டுனியா உலகு?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தவன், ஒரு நாள் கேட்கவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு, "மாட்டுக்குத் தண்ணி கிடைக்குதா?" என்றான். அவ்வளவுதான். அவன் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இவளிடம் கேட்டுப் பயனில்லை என்று அவன் முடிவு பண்ணிவிட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் முகத்தைச் சேலையில் பொத்திக்கொண்டு அழுதாள். தன்மேல் அவளுக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த நாள் காலையில் லேசாகத் தூறல் போட்டது. தரை வெடிப்பிலிருந்து ஈசல் புறப்பட்டது. உலகம்மை நம்பிக்கை எதுவும் இல்லாமல்தான் மண்வெட்டியை ஓங்கினாள். பல்லியைப் பார்த்தால் அதன் வாய் முழுக்க ஈசல். இரண்டு பக்கமும் இறக்கை நீட்டிக்கொண்டிருக்க, மென்று மாளவில்லை அதற்கு. கத்த வாய் எங்கே? "ம்ம்ம்" என்றது.

முதல் வெட்டு விழுந்தது!

இரண்டாவது வெட்டு விழுந்தது, மூன்றாவது விழுந்தது. சுனையின் கரை உடைந்து தண்ணீர் எட்டிப் பார்த்தது. அவள் வெட்டிக்கொண்டே பின்னால் நகர, தண்ணீர் கன்றுக்குட்டி மாதிரிக் கூடவே வந்தது. கொஞ்ச நேரத்தில் ஈசலை விழுங்கி முடித்த பல்லி அவசர அவசரமாகக் கத்தியது. "உச்சு உச்சு! நாளைக்கு நல்ல நாள் தாயி, உச்சு உச்சு!"

உலகம்மைக்குத் திக்கென்றது. கை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள். கை விழவில்லை. மண்வெட்டி தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது.

பொழுது சாய்ந்தது. அன்று கல் ஏறவில்லை. உடம்பில் ஒட்டியிருந்த களைப்பே அவளுக்கு இனித்தது. பழக்கதோஷத்தில் மண்வெட்டியைக் கழுவத் தண்ணீரிடம் கொண்டுபோனாள்.

"கழுவு தாயி, நல்லாக் கழுவு" என்றது பல்லி.

கூடையைக் கவிழ்க்கக் கை நீட்டினாள். "கவிழ்த்து வை தாயி, அதுதான் மரியாதை" என்றது பல்லி.

கிழக்கே திரும்பினாள். "ஒரு கும்பிடு போட்டுரு தாயி, வேலை முடிஞ்சுது பாரு!" என்றது பல்லி. சொல்லும்போது அதன் வால் துடித்தது.

உலகம்மை கூப்பப்போன கையை நிறுத்தினாள். நான் வேலை செய்யக்கூடாது என்று நாள் முழுக்கக் கத்துகிற ஜென்மம், வேலையை ஒழுங்காக முடி என்று எதற்கு இப்படிக் கெஞ்சுகிறது? காலையில் வாயடைத்துக் கிடந்தது. நடுவில் கத்தியபோது என் கை விழவில்லை. அப்படியென்றால் இதற்கு அதிகாரமெல்லாம் தொடங்குகிற அந்த ஒரு நொடி மேல்தானா?

"பல்லியாரே," என்றாள், "சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவன் பாதிச் சோத்துல நேரம் பார்ப்பானா?"

பல்லி காம்புக்கு அடிப்பக்கம் போய் ஒளிந்துகொண்டது.

உலகம்மை மண்வெட்டியைத் தூக்கி, வெட்ட வேண்டிய மண்ணில் பாதிக்கு இறக்கி, அப்படியே விட்டாள். கூடையைப் பாதி நிரப்பி, அப்படியே விட்டாள். கும்பிடவில்லை, கழுவவில்லை. பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். மூதேவி வந்தால் வரட்டும், இவர் இல்லாத வீட்டில் அவளாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று மண் கையோடு வீட்டுக்குள் நுழைந்தாள்.

காலையில் போய்ப் புதைந்திருந்த மண்வெட்டியின் காம்பைப் பிடித்தாள். "உச்சு உச்சு! இன்னிக்கு வேண்டாம் தாயி!" என்றது பல்லி.

"நான் எங்கய்யா தொடங்குறேன்? நேத்துப் பாதியில விட்டதை எடுக்குறேன்" என்றாள். மண்வெட்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்தது.

அன்றிலிருந்து தினமும் பாதியில் விட்டாள், தினமும் பாதியிலிருந்து எடுத்தாள். ஊர்க்காரர்கள் அவளைக் கண்டால் ஒதுங்கி நடந்தார்கள். "கழுவாத கைக்காரி" என்று பெயர் வைத்தார்கள். அவள் வாசலில் யாரும் கால் வைப்பதில்லை. அது அவளுக்கு வலித்தது. வலியோடு வெட்டினாள். கரியமாணிக்கம் மறுபடி கேட்க ஆரம்பித்தான். "இன்னிக்கு எவ்வளவு தூரம் உலகு?" அவள் கையை அகட்டிக் காட்டுவாள். சில நாள் ஆள் நீளம். சில நாள் ஒரு சாண்தான், அதையும் காட்டுவாள்.

மேலே நாள்தின்னிக்குக் கன்னம் ஒட்ட ஆரம்பித்தது. தலை நரைத்தது. ஒரு நாள் பக்கத்து ஊர்க்கிழவன் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அடேயப்பா, எவ்வளவு வெட்டிட்டே! இவ்வளவு செஞ்சவளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டாமா? நாளைக்குச் சேர்த்து வெட்டிக்கலாமே?"

பாராட்டு கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது அவளுக்கு. மண்வெட்டியை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். சுகமாக இருந்தது. மறுநாள் எழுந்தால் உடம்பு அனலாகக் கொதித்தது. ஜுரம். பாயிலேயே கிடந்தாள். ஜுரம் விட்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. கெட்டது கெட்டுவிட்டது, இனி எந்த முகத்தோடு போய் அவர் முன்னால் நிற்பது என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஜுரம் தின்ற நாளைவிட இந்த நினைப்பு தின்ற நாள்தான் அதிகம். நாள்தின்னிக்கு முடி கறுத்தது.

கடைசியில் அவளை எழுப்பியது வீரமும் இல்லை, வைராக்கியமும் இல்லை. அவருக்குக் கஞ்சி கொடுத்து எத்தனை நாளாச்சு என்ற பதைப்புதான். கலயத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கஞ்சி வேண்டியிருக்கவில்லை. கல் கழுத்தைத் தாண்டி, தாடையைத் தாண்டி, உதட்டையும் மூடியிருந்தது. மூக்கும் கண்ணும்தான் மிச்சம். அந்தக் கண் இரண்டும் அவளையே பார்த்தன. கோபமா, ஆறுதலா, ஒன்றும் தெரியவில்லை. வாய் இல்லாத முகத்தில் எதைப் படிப்பது? உலகம்மை அவன் காலடியில் விழுந்து, கல் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். கலயம் கவிழ்ந்து கஞ்சி மண்ணில் ஓடியது.

அழுதுகொண்டே மேலே ஏறினாள். வாய்க்காலில் மண்வெட்டி விட்ட இடத்திலேயே புதைந்து நின்றது. துரு ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை நாள் போயும் இந்த வேலை முடியவில்லை, செத்துப்போகவுமில்லை. நடுவில்தான் நிற்கிறது. காம்பைப் பிடித்தாள்.

"உச்சு உச்சு!" என்று அலறியது பல்லி. "இவ்வளவு நாள் விட்டாச்சு, இது புதுசாத் தொடங்குறதுதான் தாயி! விடு, விடு!"

"கழுவலையே பல்லியாரே" என்றாள் உலகம்மை. கை விழவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் தவறாமல் வெட்டினாள். நாள்தின்னிக்கு நரை திரும்பியது, பல் உதிர்ந்தது, முதுகு வளைந்தது. தண்ணீர் கரியமாணிக்கம் நின்ற இடத்துக்கு ஒரு முழம் வரைக்கும் வந்துவிட்டது. சங்கதி கேள்விப்பட்டு ஊரே மலையேறி வந்து நின்றது.

"நில்லு உலகம்மை!" என்றார் ஊர்ப் பெரியவர், நல்ல எண்ணத்தோடுதான். "தண்ணி விடுறது சாமானியக் காரியமா? நாள் பார்த்து, மேளம் வச்சுச் செய்யணும். வர்ற வளர்பிறையில நல்ல நாள் இருக்கு."

"தண்ணி முதல் நாளே வந்தாச்சு மாமா" என்றாள் அவள், நிமிராமலே. "நான் விடலை, அது என் பின்னாலயே வந்துக்கிட்டு இருக்கு."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாள்தின்னி தவழ்ந்து வந்தான். எலும்பும் தோலுமாக, ஊதினால் பறந்துவிடுவான் போலிருந்தான். அவள் சேலை முந்தானையைப் பிடித்தான்.

"ஒரே ஒரு நாள் குடு தாயே. பசிக்குது. ஒரே ஒரு நாளைத் தள்ளிப்போடு."

உலகம்மைக்கு அவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. பிச்சை கேட்டு வருகிறவனிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"கை வேலையா இருக்கு சாமி. நாளைக்கு வாங்க."

நாள்தின்னி தன் கைவிரல்களைப் பார்த்தான். அவை காற்றில் மாவு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தன. அவனுக்கு ஏது நாளை? அடுத்த வெட்டு விழுவதற்குள் முந்தானையில் ஒரு பிடி சாம்பல்தான் இருந்தது. பல்லி காம்பிலிருந்து குதித்து, சாதாரணப் பல்லியாக ஒரு பாறை இடுக்குக்குள் ஓடிப்போனது.

தண்ணீர் கரியமாணிக்கம் காலைத் தொட்டது. தண்ணீர் ஏறி நனைத்த இடமெல்லாம் கல் கரைந்தது. இடுப்பு இளகியது, நெஞ்சு ஏறி இறங்கியது, கழுத்து திரும்பியது. கடைசியில் உதடு பிரிந்தது. என்ன சொல்லப்போகிறானோ என்று உலகம்மை தலையைக் குனிந்துகொண்டாள்.

"பசிக்குது உலகு" என்றான் கரியமாணிக்கம்.

இருவரும் மலையிறங்கினார்கள். முதலில் கல்லானதும் அதிக நாள் கல்லாகக் கிடந்ததும் பாதம்தான். அதனாலோ என்னவோ, இடது கால் மட்டும் சரியாக இளகவில்லை. ஒவ்வொரு எட்டுக்கும் அது தரையில் இழுபட்டது. ஊரார் எல்லோரும் அதைப் பார்க்காத மாதிரி நடந்தார்கள். உலகம்மையால் அப்படி நடக்க முடியவில்லை. வழியில் நின்றுவிட்டாள்.

"அந்தக் காலு நான் தள்ளிப்போட்ட நாளுங்க" என்றாள்.

கரியமாணிக்கம் திரும்பி அவளைப் பார்த்தான். மண் காய்ந்து வெடித்திருந்த அவள் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான்.

"ஆமா" என்றான். "இந்தக் கையும் வாயும் நீ வெட்டுன நாளு. வா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

எழுகரை நாட்டு ராஜா உலகம்மைக்குப் பட்டும் பல்லக்கும் கொடுப்பதாகச் சபையில் அறிவித்தார். கொடுக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாராம். தண்ணீர் மட்டும் யாரையும் கேட்காமல் ஊருக்குள் வந்து, கிணறுகளை நிரப்பி, மாடுகளுக்குத் தொட்டி நிறைய வைத்துவிட்டுப் போயிற்று. அவர்கள் இருவரும் அந்தக் காலையும் இழுத்துக்கொண்டு நெடுநாள் வாழ்ந்தார்கள். என் கதை இத்தோடு சரி. எந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இதைக் கேட்க உட்கார்ந்தீர்களோ, அது அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறது. போய் எடுங்கள்.